கடாரம் காணப் போனோம்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழு ஆசிரியர் என்னிடம் கேட்டார். நான் பெரிய படிப்பாளி அல்லன். உங்களைப் போல ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இப்போது உங்களைப் போன்ற இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருப்பவன். ஆகையால் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதைவிட, சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு போய்வந்த ஒரு நாளைப் பற்றியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். போனது என்னவோ உல்லாசப் பயணம்தான். ஆனால் திரும்பி வரும்போது மனத்தில் ஒரு பாரமும் சேர்ந்து வந்தது. அதை உங்களிடம் இறக்கி வைக்கவே இந்தக் கட்டுரை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகன்தான். நான்காம் ஆண்டில் படிக்கிறான். "கடாரம் கொண்டான்" என்று இராஜேந்திர சோழனுக்கு ஒரு பட்டம் உண்டு என்று எங்கோ கேட்டுவிட்டு வந்தவன், "அப்பா, கடாரம்னா எங்கப்பா இருக்கு?" என்று கேட்டான்.

"இங்கதான்டா. பாலத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் போனா கடாரம்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா? அப்ப கோட்டை இருக்குமா?"

சினிமாவில் பார்த்த கோட்டையை அவன் நினைத்துக்கொண்டான். வானத்தை முட்டும் மதில், அகழி, யானை இடித்தாலும் திறக்காத கதவு! நம் ஜார்ஜ்டவுனில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். அங்குள்ள ஸ்ரீ ரம்பை பீரங்கியின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறான். "அது பிரான்சிஸ் லைட் காலத்துக் கோட்டை, சும்மா இருநூறு வருஷந்தான். இது ஆயிரம் வருஷத்துக் கதை" என்று நானும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். தப்பு என்மேல்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். நான், என் மனைவி, மகள், மகன், என் தாயார் ஆகிய ஐந்து பேர். புளிச்சோறு, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் கோப்பி எல்லாம் ஏறின. என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. "இடிஞ்ச கல்லப் பாக்கவா இவ்ளோ தூரம்?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியில் ஏறினார்.

மாணவர்களே, நீங்கள் இந்தப் பயணத்தைச் செய்யும்போது வழியிலேயே சரித்திரம் தொடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் பினாங்குப் பாலம் 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு தீவிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டுமானால் ஃபெரிதான். பாலத்தைக் கடந்தால் செபராங் பிறை. அதையும் கடந்து வடக்கே போனால் மூடா ஆறு. அந்த ஆற்றுக்கு அக்கரைதான் கெடா மாநிலம்.

ஆனால் இந்த எல்லைகள் எல்லாம் நேற்று வந்தவை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும்வரை நம் பினாங்குத் தீவு கெடா சுல்தானுக்கு உரியதாகத்தான் இருந்தது. செபராங் பிறையும் 1800-இல்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்படியானால் என்ன பொருள்? கடாரத்தைப் பார்க்க நாம் வேறு நாட்டுக்குப் போகவில்லை. நாம் தினம் நடக்கும் மண்ணே பழைய கெடாவின் ஒரு துண்டுதான்.

இதற்கு ஒரு கல்லே சாட்சி. 1834-ஆம் ஆண்டில், செபராங் பிறையில் பணியாற்றிய ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி ஓர் எழுத்துக் கல்லைக் கண்டெடுத்தார். தூபி ஒன்றின் உருவம் செதுக்கிய கல் அது. எழுத்து, தென்னாட்டுப் பல்லவ எழுத்தைச் சேர்ந்தது; மொழி சமஸ்கிருதம். புத்தகுப்தன் என்னும் பெரிய மாலுமி, தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டும் என்று வேண்டி வைத்த கல். ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்று அந்தக் கல் கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், காற்றையும் அலையையும் நம்பி வந்த ஒரு மனிதன் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டுப் போன வேண்டுதல்! வண்டியில் இதைச் சொன்னபோது, "பாவம், ஊர் போய்ச் சேந்தானோ என்னவோ" என்றார் என் தாயார்.

சுங்கை பட்டாணியை நெருங்கும்போது வடக்கே ஒரு மலை எழுந்து நிற்கும். அதுதான் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். பக்கத்தில் வேறு பெரிய மலை இல்லாததால், கடலோரச் சமவெளியில் அது தனியே ஒரு தூண் போலத் தெரிகிறது. "இந்த மலையப் பாத்துக்குங்க. இதுதான் அந்தக் காலத்துச் சைன்போர்டு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வரும். நாட்கணக்கில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. கடைசியில் தூரத்தில் ஜெராய் மலை தலைகாட்டும். அதைக் குறிவைத்து வந்தால் அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றின் கழிமுகம். கப்பல் ஒதுங்க நல்ல இடம். திரும்ப வேண்டுமானால் வடகிழக்குக் காற்று வீசும்வரை காத்திருக்க வேண்டும். அதே வடகிழக்குக் காற்றுக் காலத்தில்தான் சீனத்துக் கப்பல்கள் தெற்கே இறங்கி வரும். ஆக, காற்று மாறும்வரை மாதக்கணக்கில் பல நாட்டவரும் தங்கி, பண்டம் மாற்றி, பேசிப் பழகி, தங்கள் தங்கள் தெய்வத்தைக் கும்பிட ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடந்தான் பூஜாங் பள்ளத்தாக்கு.

சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் காழகமே கடாரம் என்று பலர் பொருள் கொள்வார்கள். சீனத் துறவி இ-ட்சிங் 671-ஆம் ஆண்டில் சீனாவை விட்டுப் புறப்பட்டு இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கிப் போனதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். இராஜேந்திரன் படை வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னாலேயே இது பேர்பெற்ற துறைமுகம் என்பதை மறக்காதீர்கள்.

மெர்போக்கில் உள்ள தொல்பொருட்காட்சிசாலையை அடைந்தபோது மணி பத்தரை. அது ஜெராய் மலையடிவாரத்தில், மரநிழலில் இருக்கிறது. பின்பக்கம் சலசலவென்று ஓடை. படியேறிப் போனால் புக்கிட் பத்து பஹாட் சண்டி. பழைய கோயிலுக்கு மலாய்மொழியில் "சண்டி" என்று பெயர். "பத்து பஹாட்" என்றால் உளியால் செதுக்கிய கல்.

என் மகன்தான் முதலில் ஓடினான். ஓடியவன் நின்றுவிட்டான்.

"அப்பா... கோட்டை எங்கப்பா?"

அங்கே இருந்தது ஒரு கல் மேடை. மூன்று நான்கு படிகள், சதுரமான ஓர் அடித்தளம், அதற்கு முன்னால் இன்னொரு நீண்ட மேடை, அதன்மேல் வரிசையாகத் துளைபோட்ட வட்டக் கற்கள். அவ்வளவுதான். மதில் இல்லை, கோபுரம் இல்லை, அகழி இல்லை. அவன் முகம் வாடிவிட்டது. மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என் தாயார், "நான்தான் சொன்னேனே" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நீங்கள் போனாலும் முதலில் இப்படித்தான் ஏமாந்து போவீர்கள். ஆகவே, அந்தக் கல் மேடையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

சதுரமான பகுதி கருவறை. முன்னால் உள்ளது மண்டபம். ஆய்வாளர்களும் "விமானம்", "மண்டபம்" என்ற சொற்களைத்தான் எழுதுகிறார்கள். அந்த வட்டக் கற்கள் தூண் நிறுத்திய இடங்கள். தூண்கள் மரத்தால் ஆனவை. கூரையும் மரமும் ஓலையும்போல அழிந்துபோகும் பொருளால் ஆனதுதான். நம் நாட்டு மழையிலும் கரையானிலும் அவை எத்தனை நாள் நிற்கும்? கல் மட்டும் மிஞ்சியது. தஞ்சைப் பெரிய கோயில் முழுவதும் கல். ஆகவே முழுவதும் நிற்கிறது. இங்கே இருந்தவர்கள் இந்த நாட்டு வழக்கப்படி மரத்தில் கட்டினார்கள். அதனால் நமக்குக் கிடைத்தது பாதம் மட்டும்.

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவரும் அவருடைய மனைவியாரும் காட்டுக்குள் நுழைந்து இந்தச் சண்டியையும் வேறு பலவற்றையும் தோண்டிப் பார்த்து எண் கொடுத்தார்கள். இது எட்டாம் எண். பிறகு 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் என்பவர் சிதறிக் கிடந்த கற்களை எடுத்து அடுக்கிப் புதுப்பித்தார். அப்போதுதான் ஓர் ஆச்சரியம் வெளியே வந்தது. அடித்தளத்துக்குள் சிறு கற்பெட்டிகள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு குழியும் சுற்றிலும் எட்டுக் குழியுமாக ஒன்பது குழிகள். அவற்றுக்குள் மணிகளும் பொன் தகடும் போன்ற பொருள்கள்!

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த என் தாயார் எழுந்து வந்தார். "இதுல என்னடா அதிசயம்? நம்மளும் வீடு கட்டறப்ப வாசக்காலுக்குக் கீழ காசும் நவதானியமும் போடறோமில்ல? அதேதான்" என்றார்.

புத்தகத்தில் இதற்குக் கர்ப்பந்யாசம் என்று பெரிய பெயர் உண்டு. என் தாயார் படித்ததில்லை. ஆனாலும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்தக் கல்லை வைத்தவன் மனசு அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இனி, என் மகனின் கேள்விக்கு வருவோம். கோட்டை எங்கே?

இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டளவில் அவன் கடல் கடந்து அனுப்பிய படை வென்ற ஊர்களை ஒன்றொன்றாக அடுக்கிச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம் தொடங்கி, அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்த செய்தியும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறப்பு சொல்லப்படுகிறது. அவற்றுள் கடாரத்துக்குச் சொன்ன சிறப்பு என்ன தெரியுமா? கடலையே காவலாகக் கொண்டது என்பதுதான்.

"தம்பி, கோட்டை இடிஞ்சு போகல. அந்தா மேற்கால இருக்கே கடல், அதுதான் மதிலு. இந்த மலைதான் காவல்கோபுரம்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப கோட்டை இன்னும் இருக்குதா?" என்றான். இருக்கிறது. கழிமுகத்தில் மண் சேர்ந்து, கரை விலகி, வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போய், பதினான்காம் நூற்றாண்டுக்குள் ஊர்தான் ஓய்ந்துபோயிற்று.

இங்கே பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. "கடாரம் கொண்டான்" என்று நாம் மேடையில் முழங்குகிறோம். மார் தட்டுகிறோம். 2025-ஆம் ஆண்டோடு அந்தப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு ஆயிற்று என்று பெருமையாகப் பேசினோம். பேசலாம், தவறில்லை. ஆனால் கதையில் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அது சரியா?

மீதிக் கதை இதோ. படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனாக இருந்த சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். அந்தச் சூளாமணி விகாரத்துக்கு, சிவபக்தனான இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைத் தானமாகக் கொடுத்தான். அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, நடந்தது இது. அந்தத் தானத்தைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் யார்? அவன் மகன் இராஜேந்திரனேதான்! ஒல்லாந்தர் காலத்தில் அந்தச் செப்பேடுகள் ஐரோப்பாவில் உள்ள லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

எந்தக் கை தானத்தைச் செம்பில் எழுதியதோ, அதே கை 1025-இல் கப்பற்படையையும் ஏவியது. வியாபாரப் பாதை யார் கையில் இருப்பது என்ற போட்டி வந்துவிட்டால் நட்பும் பகையாகும் போலும். பிறகு 1068-ஆம் ஆண்டளவில் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் வந்த அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர் வந்து கேட்க, முதற் குலோத்துங்கன் அதே நாகப்பட்டினத்து விகாரத்துக்குரிய ஊர்களின் வரியை நீக்கிக் கொடுத்தான். அதுவும் இன்னொரு செப்பேட்டில் இருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். தானம், படையெடுப்பு, மறுபடியும் தானம். கடாரத்துக்காரர் நம் ஊரில் கோயில் கட்டினார்கள்; நம் ஊர் வணிகர் இங்கே வந்து கும்பிட்டார்கள். சண்டை ஒருமுறை இருமுறை வந்தது. பழக்கமோ நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. இதுதான் முழுக் கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூஜாங்கில் உள்ளதெல்லாம் நாம் கட்டியது என்று எண்ணிவிடக் கூடாது. போகும் வழியில் சுங்கை பத்து என்னும் இடம் இருக்கிறது. அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 2007-ஆம் ஆண்டு முதல் நடத்திய ஆராய்ச்சியில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காற்றை ஊதும் களிமண் குழல்கள் ஏராளமாகக் கிடைத்தன. இந்த மண்ணின் மக்கள் இரும்பு செய்து விற்றார்கள். அதனால்தான் உலகம் இவர்களைத் தேடி வந்தது. காட்சிசாலைக்குள் போனால் சீனத்துப் பீங்கான் துண்டு, மேற்கு ஆசியக் கண்ணாடித் துண்டு, பாசிமணி எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. மலாய், சீனர், அரபு, தமிழர் என்று பலரும் கூடிய சந்தை அது. நம் சௌராஸ்தா மார்க்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பகல் உணவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். காட்சிசாலை வளாகத்தில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து அடுக்கிய சண்டிகளும் உண்டு. சில செம்பொறைக் கல்லால் ஆனவை. பசியாறியபின் என் தாயார் தனியே போய் அவற்றில் ஒன்றின் பக்கத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நான் போய், "என்னம்மா?" என்றேன்.

"இந்தக் கல்லு நம்ம தோட்டத்துலயும் கெடந்துச்சுடா" என்றார்.

என் பெற்றோர் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் பால்மரம் சீவினார்கள். நான் பிறந்ததும் அந்த லயத்தில்தான். தாயார் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதுகிறேன்:

"ஆத்தோரமா, மரத்து வேரு சுத்திக்கிட்டு, பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளியில. சதுரமா வெட்டுன செவப்புக் கல்லு. வயசான கங்காணி ஒருத்தரு, பழைய கோயிலும்மா, தொடாதீங்கன்னுதான் சொன்னாரு. யாரு கேட்டா? துவைக்கிறதுக்குக் கொஞ்சம் பேரு எடுத்தாங்க. லயத்துப் படிக்குக் கொஞ்சம் பேரு எடுத்தாங்க. உங்க அப்பா மூணு கல்லு தூக்கியாந்து எனக்கு அடுப்புப் போட்டுக் குடுத்தாரு. அந்த அடுப்புலதான் உனக்குச் சோறாக்கிப் போட்டு வளத்தேன்."

சொல்லிவிட்டு அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியாமப் பண்ணிட்டோம், சாமி" என்றார்.

அந்த மூன்று கல்லும் சண்டிக் கல்தானா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்ட இடங்கள் ஐம்பதுக்கும் மேல். அவற்றில் பல, தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் நடுவிலேயே இருந்தன. எட்டணா கூலிக்கு விடியற்காலையில் எழுந்து ஓடியவர்களுக்குக் காலடியில் கிடப்பது சரித்திரம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம்மவர்கள் வெறுங்கையோடு வந்த கூலிகள், இந்த மண்ணுக்கும் நமக்கும் நேற்றுத்தான் உறவு என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள், தங்கள் மூதாதையர் வந்து கும்பிட்டிருக்கக் கூடிய கோயிலின் கல்லிலேயே அடுப்பு மூட்டினார்கள் என்றால், இதைச் சிரித்துக் கேட்பதா, அழுது கேட்பதா?

அவர்கள் தெரியாமல் செய்தார்கள். தெரிந்தபின்னும் நடந்ததே, அதற்கு என்ன சொல்வது? 2013-ஆம் ஆண்டின் கடைசியில் சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி, வீடமைப்பு வேலைக்காக இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளியாயிற்று. அப்போது நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் எண் கொடுத்து ஏட்டில் எழுதி வைத்த இடம் அது. ஆயினும் அந்த இடம் முறையாக அரசிதழில் பதிவு செய்யப்பட்டுப் பாதுகாக்கப்படவில்லை. பத்திரிகைகளில் பெரும் கூக்குரல் எழுந்தது. எல்லா இனத்தவரும் கண்டித்தார்கள். ஆனால் இடித்தது இடித்ததுதான். ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கிய கல், இயந்திரத்தின் ஒரு நாளுக்குத் தாங்கவில்லை.

இராஜேந்திரன் படை வந்தபோதும் கடாரம் அழிந்துவிடவில்லை. அதன் பிறகும் அரசன் இருந்தான், தூது போனது, தானம் வந்தது. கடாரத்தை உண்மையில் அழிக்கக் கூடியது படையல்ல, "இடிஞ்ச கல்லுதானே" என்ற நம் அலட்சியந்தான். என் மகன் அன்று காலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது அந்த அலட்சியத்தின் தொடக்கம். என் தாயார் புறப்படும்போது முணுமுணுத்ததும் அதுவே. ஏன், பல ஆண்டுகள் இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருநாளும் போய்ப் பார்க்காத நான் மட்டும் என்ன யோக்கியம்?

மாணவமணிகளே! இன்று மேடை ஏறிப் பரிசு வாங்கப் போகும் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, போய்ப் பாருங்கள். பள்ளிச் சுற்றுலா என்றதும் நீர்விளையாட்டுப் பூங்காவையே கேட்காதீர்கள். ஒருமுறை மெர்போக்குக்கு அழைத்துப் போகும்படி ஆசிரியர்களைக் கேளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் புக்கிட் மெர்தாஜாம் வரை போங்கள். அன்னம்மாள் தேவாலயத்துக்குத் திருநாளுக்குப் போகாத பினாங்குக்காரர் குறைவு. அந்த வளாகத்தில் செரோக் தோக்குன் என்னும் இடத்தில் பழைய எழுத்துகள் வெட்டிய பெரிய பாறை இருக்கிறது. இதையும் அதே ஜேம்ஸ் லோதான் ஆராய்ந்து எழுதினார். மெழுகுவர்த்தி ஏற்றப் போகிற நாம் எத்தனை பேர் அந்தப் பாறையை நின்று பார்த்திருக்கிறோம்?

இரண்டாவது, தெரிந்துகொண்டு பெருமைப்படுங்கள். யாராவது "கடாரம் கொண்டான்" என்று முழங்கினால் கைதட்டுங்கள். கூடவே ஆனைமங்கலத்துத் தானத்தையும் சொல்லுங்கள். உங்கள் மலாய் நண்பனையும் சீன நண்பனையும் கூட்டிக்கொண்டு போய், "இது உங்க பாட்டனும் எங்க பாட்டனும் சேந்து வியாபாரம் பண்ண எடம்" என்று காட்டுங்கள். எல்லாருக்கும் சொந்தம் என்று எல்லாரும் நினைத்தால்தான் ஒரு கல்லைக் காப்பாற்ற முடியும்.

மூன்றாவது, உங்கள் வீட்டுப் பாட்டி தாத்தாக்களிடம் பேச்சுக் கொடுங்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆற்றங்கரையில் என்ன கிடந்தது, எந்த மரத்தடியில் கும்பிட்டார்கள், எந்த இடத்துக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் போய்விட்டன. பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

அன்று மாலை திரும்பி வரும்போது பாலத்தில் விளக்கேற்றிவிட்டார்கள். பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். மகன் தூங்கவில்லை.

"பாட்டி, அந்த மூணு கல்லு இப்ப எங்க இருக்கும்?"

"தோட்டத்த வித்துப்புட்டாங்கப்பா. லயத்த இடிச்சப்ப அதுவும் போயிருக்கும்."

"எடம் ஞாபகம் இருக்கா?"

என் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு இருக்குமில்ல? ஆறு இருந்தா எடத்தச் சொல்லிருவேன்" என்றார்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகப் போகிறோம் என்பதை அவர்கள் இருவரும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். வண்டி ஓட்டப் போகிறவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

பரிசு பெறும் மாணவர் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.